மெயில் சர்வரைக் காக்க எந்தப் படிப்பு?

மே, ஜூன் மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வரும் ரயில்களில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது? பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு எல்லா வீட்டிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதே விடை. இப்போது அந்த இடத்தில் சைபர் செக்யூரிட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா மகன் டெக்னோபார்க்கில் இருக்கிறான், அவன் சொன்னான். பக்கத்து வீட்டுப் பெண் அதில்தான் சேர்ந்திருக்கிறாள். யூடியூபில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பையன் பார்த்தான், அன்றிலிருந்து ஒரே பிடிவாதம். முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன. கட்டிய பணம் திரும்பாது என்று ஆனபிறகு, ‘இதில் வேலை என்றால் என்ன வேலை?’ என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிடலாம். கல்வி நிலையங்களின் விளம்பரத் தாள்களைப் புரட்டுவதைவிட, உண்மையில் நடந்த ஒரு தாக்குதலை எடுத்துக்கொண்டு அந்த வாரத்தில் யார் யாரெல்லாம் தேவைப்பட்டார்கள் என்று பார்த்தால் படிப்புகளின் தராதரம் தானே விளங்கும். 2021 மார்ச் அதற்குத் தோதான மாதம்.

அலுவலகங்கள் தம் சொந்தப் பொறுப்பில் வைத்து நடத்தும் மெயில் சர்வர்களில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் உலகெங்கும் புழங்குவது. 2021 மார்ச் 2 அன்று, வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல், மைக்ரோசாஃப்ட் அதன் நான்கு ஓட்டைகளை அடைக்கும் அவசர பேட்ச் ஒன்றை வெளியிட்டது. அவற்றில் இரண்டைக் கோத்த தாக்குதலுக்கு ‘ப்ராக்ஸிலாகன்’ என்று பெயர். எக்ஸ்சேஞ்சின் முன்பகுதி வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே இருக்கும் பகுதிக்குக் கைமாற்றுகிறது. திருகி எழுதிய ஒரு கோரிக்கையை அனுப்பினால், முன்பகுதி அதைத் தன் சொந்த அதிகாரத்திலேயே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். கடவுச்சொல்லே வேண்டாம். இன்னொரு ஓட்டை, சர்வரின் டிஸ்கில் நினைத்த இடத்தில் ஒரு கோப்பை எழுத விடும். இரண்டையும் சேர்த்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தச் சர்வரில் ஒரு சிறு நிரல் கோப்பைப் போட்டுவைத்து, பிறகு தன் பிரவுசரிலிருந்தே அதற்குக் கட்டளை அனுப்பலாம். இதைத்தான் ரிமோட் கோட் எக்ஸிக்யூஷன் என்கிறார்கள். அங்கே போட்டுவைக்கும் கோப்புக்கு வெப் ஷெல் என்று பெயர்.

பேட்ச் வருவதற்கு முன்பே தாக்குதல் தொடங்கிவிட்டது. சீனாவிலிருந்து இயங்கும் ‘ஹாஃப்னியம்’ என்ற குழுவை மைக்ரோசாஃப்ட் சுட்டிக்காட்டியது. ஒரு வாரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் அதே வழியில் புகுந்ததாக ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. 115 நாடுகளில் 5,000-க்கும் மேற்பட்ட சர்வர்களில் வெப் ஷெல் இருந்ததை அது கண்டது. ஐரோப்பிய வங்கி ஆணையம் தன் மெயில் அமைப்பையே சில நாள் நிறுத்திவைத்தது. நார்வே நாடாளுமன்றத்திலிருந்து தகவல்கள் எடுத்துச் செல்லப்பட்டன. அடுத்த சில நாட்களில் ‘டியர்க்ரை’ என்ற ரான்சம்வேர் அதே வாசலில் நுழைந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. பேட்ச் போட்டால் ஓட்டை அடைபடும். முன்பே உள்ளே போட்டுவைத்த வெப் ஷெல் அப்படியே இருக்கும். திருடன் பரணில் ஒளிந்திருக்கும்போது வாசல் பூட்டை மாற்றுவது போன்ற காரியம் அது. ஆயிரக்கணக்கான அலுவலகங்கள் பேட்ச் போட்ட நிம்மதியில் இருந்துவிட்டன. கடைசியில் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நீதிமன்ற உத்தரவு வாங்கிக்கொண்டு, அந்நாட்டின் நூற்றுக்கணக்கான கணினிகளில் எஞ்சியிருந்த வெப் ஷெல்களைத் தானே போய் நீக்க வேண்டியிருந்தது.

இப்போது படிப்புகளுக்கு வரலாம். பி.டெக்., பி.எஸ்சி., பி.சி.ஏ., எம்.சி.ஏ. போன்ற அடிப்படைப் பட்டங்களில் ஏதோ ஒன்று இருக்கும் என்றே இங்கே வைத்துக்கொள்ளப்படுகிறது. அதில் எது உசத்தி என்ற வாதம் இங்கே வேண்டாம். அதற்கு மேல் எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் கேள்வி.

கண்காணிப்பு வேலை ஒன்று. செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் சென்டர், சுருக்கமாக ‘சாக்’, என்று சொல்லப்படும் அறைகளில் மூன்று ஷிப்டுகளிலும் ஆட்கள் உட்கார்ந்து சர்வர்களில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக்குகளையும் எச்சரிக்கைகளையும் பார்ப்பார்கள். புதிதாக வருபவர்களுக்குக் கதவு எளிதில் திறக்கும் இடம் இது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு இதன் தேவை கூடியிருக்கிறது. தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக்குகளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. லாக்கை வைத்திருந்தால் மட்டும் ஆகாது, வாசிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இரவு ஷிப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை மட்டும் பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

தடயவியல் இன்னொன்று. திருவனந்தபுரத்தில் இருப்பவர்களுக்கு இதில் தனி வசதி உண்டு. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சைபர் தடயவியல் வள மையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. சைபர் பாதுகாப்பும் தடயவியலும் சேர்ந்த முதுநிலைப் பட்டயப் படிப்பையும் சி-டாக் நடத்துகிறது, சி-கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். மங்கலபுரத்தில் கேரள டிஜிட்டல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேரள போலீஸின் சைபர்டோம் டெக்னோபார்க்கிலேயே இயங்குகிறது. தாக்குதல் நடந்த பிறகு எப்போது நுழைந்தார்கள், எதை எடுத்தார்கள், எங்கே கதவைத் திறந்துவைத்துப் போனார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலை இது. துப்பறியும் ஆசை உள்ளவர்களுக்குப் பிடிக்கும். சலிப்பில்லாமல் குறிப்பெடுக்கத் தெரிந்தவர்கள் இதில் நிலைப்பார்கள்.

தணிக்கைத் துறையும் இருக்கிறது. விதிமுறை, ஆவணம், சரிபார்ப்புப் பட்டியல் என்று ஓடும் வேலை. எழுத்தும் பேச்சும் நன்றாக வரும் பிள்ளைகளுக்கு ஏற்றது. நிரல் எழுதுவதில் நிஜமான விருப்பம் இருப்பவர்கள், ஓட்டை விழாத மென்பொருளை எழுதக் கற்றுக்கொண்டால் இந்தத் துறைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அவர்களுக்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை.

கிளவுட் மெயில் நிர்வாகம் என்பது இப்போது வேகமாக வளரும் பக்கம். சொந்த சர்வர் வைத்து அல்லாடுவதைவிட மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஸோஹோ மெயில் என்று மாதச் சந்தாவுக்குப் போய்விடுகிற நிறுவனங்கள் பெருகிவருகின்றன. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல், சென்னையில் பிறந்து தென்காசி மத்தளம்பாறை வரை பரவிய ஸோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. பத்து இருபது பேர் வேலை செய்யும் ஒரு சிறு நிறுவனம் சொந்தமாக எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பதில் நியாயமே இல்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பேட்ச் போடும் பொறுப்பு வழங்குநருக்குப் போய்விடுகிறது, அது பெரிய நிம்மதி.

ஆனால், பொறுப்பு முழுவதுமாகப் போய்விடவில்லை. 2023-ல் ‘ஸ்டார்ம்-0558’ என்ற குழு மைக்ரோசாஃப்டிடமிருந்து திருடிய கையொப்பச் சாவி ஒன்றைக்கொண்டு சுமார் 25 நிறுவனங்களின் கிளவுட் அஞ்சல்பெட்டிகளைத் திறந்து படித்தது. அதைக் கண்டுபிடித்தது அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆட்கள். கூடுதல் கட்டணம் செலுத்தி விரிவான லாக்குகளை வாங்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு மாறுபாட்டைக் கவனித்தார்கள். கிளவுடிலும் லாக் வாசிக்கத் தெரிந்த ஆள்தான் காப்பாற்றினார்.

இத்தனை வழிகள் இருக்க, வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றே ஒன்று: எத்திக்கல் ஹேக்கிங்.

இதைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மாதம், ஆறு மாதம் என்று நடக்கும் குறுகிய காலக் கோர்ஸ்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முளைத்துக்கிடக்கின்றன. காளி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவுவது, அதில் வரும் ஹேக்கிங் கருவிகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வது, ஓட்டையோடு வேண்டுமென்றே தயாரிக்கப்பட்ட ஒரு பயிற்சிக் கணினியை உடைப்பது, கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வு, அதற்கொரு சான்றிதழ். பாடம் நடத்துபவர்களில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. குறை பாடத்தின் வரிசையில் இருக்கிறது. சர்வர் ஒன்றைத் தன் கையால் ஒருநாளும் நடத்திப் பார்க்காத பிள்ளைக்கு, சர்வரை உடைக்கக் கற்றுத்தருகிறார்கள்.

இதன் விளைவு நேர்முகத் தேர்வுகளில் தெரிகிறது. மெயில் சர்வர்களோடு நெடுங்காலம் புழங்கிய இக்கட்டுரையாளர் புதியவர்களிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி எளியது: சாலை பஜாரில் இருக்கும் ஒரு வியாபாரி சென்னையில் இருக்கும் வியாபாரிக்கு மெயில் அனுப்புகிறார், அது எந்தெந்தக் கைகள் மாறிப் போய்ச் சேருகிறது? டி.என்.எஸ்.-இல் எம்.எக்ஸ். பதிவைத் தேடுவது, எதிர்ச் சர்வரின் 25-ஆம் போர்ட்டைத் தட்டுவது, அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று இரு சர்வர்களும் பேசிக்கொள்வது, வரும் கடிதத்தை ஸ்பாம் வடிகட்டியும் வைரஸ் சோதனையும் பிரித்துப் பார்ப்பது, கடைசியில் பெட்டியில் விழுவது. இவ்வளவுதான் விடை. பத்துக் கருவிகளின் பெயரை மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள்.

இது ஏதோ பழைய ஆட்களின் பிடிவாதம் என்று தோன்றலாம். மெயில் சர்வர்களின் பெரிய ஓட்டைகளை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். 2019 ஜூனில் குவாலிஸ் நிறுவனம் எக்ஸிம் என்ற மெயில் சர்வரில் ஓர் ஓட்டையை வெளியிட்டது. பெறுநர் முகவரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால் சர்வர் அதை ஓட்டிவிடும். ரஷ்ய ராணுவ உளவுத் துறையின் ‘சாண்ட்வோர்ம்’ குழு அதை 2019 ஆகஸ்டிலிருந்து பயன்படுத்திவருவதாக அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2020 மே மாதம் எச்சரித்தது. 2024 செப்டம்பர் இறுதியில் ஜிம்ப்ரா மெயில் சர்வரிலும் ஏறக்குறைய அதே கதை: ‘சி.சி.’ வரிசையில் முகவரிகள் போலத் தோன்றிய எழுத்துச் சரங்கள் உண்மையில் கட்டளைகள். இரண்டிலும், முகவரி வந்து விழுகிற இடத்தை யார் எடுத்துப் படிக்கிறார்கள், எந்த நிரலிடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவருக்கு ஒரு நிமிடத்தில் விஷயம் புரியும். தெரியாதவருக்கு அது, ஓட்டைகளுக்கு இடப்படும் சி.வி.இ. எண்களில் வெறும் ஒன்று.

2022-ல் ஜிம்ப்ராவில் வந்த இன்னொரு ஓட்டை இதைவிடப் பாடம் நிறைந்தது. வரும் மெயிலோடு இணைத்த ஆர்க்கைவ் கோப்பை வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அமாவிஸ் என்ற நிரல் பிரிக்கிறது. பிரிப்பதற்கு அது சி.பி.ஐ.ஓ. என்ற பழைய நிரலைக் கூப்பிட்டால், தாக்குபவர் நினைத்த இடத்தில் கோப்பு எழுதப்பட்டுவிடும். மெயிலை யாரும் திறக்கக்கூட வேண்டாம். வைரஸ் சோதனையே வழியாகிவிட்டது. சர்வரில் பாக்ஸ் என்ற இன்னொரு சிறு நிரல் இருந்தால் அமாவிஸ் அதைத்தான் கூப்பிடும், ஆபத்தில்லை. உபுண்டு சர்வர்களில் பெரும்பாலும் அது இருந்தது. ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் வழக்கமாக இல்லை. முறையான பேட்ச் வரும்வரை ஒரே ஒரு பொட்டலத்தை நிறுவி, சேவையை மறுபடி தொடங்கினால் போதும் என்பதுதான் நிவாரணம். தன் சர்வரில் என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று அறிந்த ஒருவர் தேநீர் ஆறுவதற்குள் செய்துவிடக்கூடிய வேலை. அப்படி ஒருவர் இல்லாத இடங்களில் சர்வர் பறிபோனது.

ஹேக்கிங்கே வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. உண்மையான ஹேக்கிங் எவ்வளவு நிதானமான வேலை என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை என்பதே குறை. எக்ஸ்சேஞ்சின் ப்ராக்ஸிலாகன் ஓட்டைகளைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய். அந்நிறுவனம் 2020 அக்டோபரில் எக்ஸ்சேஞ்சை ஆராயத் தொடங்கியது. முதல் ஓட்டை டிசம்பர் 10 அன்று கிடைத்தது. அதை மற்றதோடு கோத்து முழுத் தாக்குதலாக்க டிசம்பர் 31 ஆயிற்று. 2021 ஜனவரி 5 அன்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவித்தார்கள். ஏற்கெனவே பெயர் பெற்ற நிபுணர்களுக்கே மூன்று மாதம், அதுவும் ஒரே ஒரு மென்பொருளின் உள்ளமைப்பைப் படித்துக்கொண்டு.

தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா 2019-ல் இன்ஸ்டாகிராம் கணக்கை மீட்கும் முறையில் ஓட்டை கண்டு 30,000 டாலர் பரிசு பெற்றார். 2021-ல் மைக்ரோசாஃப்ட் கணக்குகளில் அதே வகை ஓட்டைக்கு 50,000 டாலர். பரிசுத் தொகைதான் செய்தியாகிறது. இன்ஸ்டாகிராமில் அவர் செய்தது என்ன? கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண் பத்து நிமிடம் மட்டுமே செல்லும். சாத்தியமான எண்கள் 10 லட்சம். ஒரே இடத்திலிருந்து பலமுறை முயன்றால் சர்வர் தடுத்துவிடும். பல ஐ.பி. முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் அனுப்பினால் தடுப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பொறுமையாகச் சோதித்துக் கண்டுபிடித்தார். சர்வர் எப்படி எண்ணுகிறது என்று தெரிந்தவர்தான் அதன் எண்ணிக்கையில் பிழை காண முடியும்.

எத்திக்கல் ஹேக்கிங் கோர்ஸ் விற்பவர்கள் சொல்லாத இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சட்டம். சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நேர்மையற்ற நோக்கத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே பெறக்கூடிய குற்றம். பயிற்சிக்காகத்தான் செய்தேன் என்று நிரூபிக்கும் பாடு பையன் தலையில்தான் விழும். இரண்டாவது, வேலையின் அளவு. ஒரு நிறுவனம் வெளியாட்களை வைத்துத் தன் சர்வரை உடைத்துப் பார்ப்பது ஆண்டில் ஓரிரு முறை. அந்தச் சர்வரை நடத்த ஆள் வேண்டியிருப்பது ஆண்டின் 365 நாளும்.

ஆகவே, வழி கேட்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இக்கட்டுரையாளர் முதலில் சொல்வது சிஸ்டம் அட்மின் வேலையை. அதுவும் லினக்ஸ் பக்கம். கேட்ட உடனே முகம் வாடும். ‘அட்மின்’ என்றால் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எடுத்துவிடும் ஆள் என்று ஒரு நினைப்பு. அமெரிக்காவில் இருக்கும் மாமாவுக்குச் சொல்ல அழகான பெயர் அல்ல அது. ஆனால் 2021 மார்ச் முதல் வாரத்தில் அலுவலகங்களைக் காப்பாற்றியவர் அவர்தான்.

அந்த வாரத்தில் அவர் செய்ய வேண்டியிருந்ததைப் பார்க்கலாம். முதலில், இணையத்திலிருந்து சர்வரின் 443-ஆம் போர்ட்டுக்கு வரும் வழியை அடைத்து, ஊழியர்களை வி.பி.என். வழியாக மட்டும் வர வைப்பது. அடுத்து பேட்ச். அதை எடுத்தவுடன் போட்டுவிட முடியாது. சர்வர் ஒரு குறிப்பிட்ட தொகுப்புப் பதிப்பில் இருந்தால்தான் அது ஏறும். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட சர்வர்களில் அந்தத் தொகுப்பை ஏற்றவே பல மணி நேரம் ஆனது. பிறகு ஒரு கண்ணி. பேட்ச் கோப்பைச் சாதாரணமாக இரட்டை க்ளிக் செய்து நிறுவினால் சில கோப்புகள் மாறாமலே நின்றுவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடு கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்து நிறுவ வேண்டும் என்று மைக்ரோசாஃப்டின் குறிப்பிலேயே எழுதியிருந்தது. குறிப்பைக் கடைசி வரி வரை படித்தவர் தப்பினார். அதற்கும் பிறகுதான் முக்கியமான வேலை: வெப் கோப்புறைகளில் தனக்குத் தெரியாத ஏ.எஸ்.பி.எக்ஸ். கோப்பு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தேடுவது, லாக்குகளைப் பின்னோக்கிப் படிப்பது, சந்தேகம் இருந்தால் கடவுச்சொற்களை மாற்றி, சுத்தமான பேக்கப்பிலிருந்து சர்வரை மறுபடி எழுப்புவது.

இதில் ஹேக்கிங் கருவி ஒன்றுகூட இல்லை. தன் சர்வரின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பதுதான் மூலதனம். சாதாரணத்தை அறிந்தவர் கண்ணுக்குத்தான் அசாதாரணம் படும்.

பாதுகாப்புப் பெட்டி ஒன்றை வாங்கிச் சர்வருக்கு முன்னால் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் முதலாளிகளும் உண்டு. 2023-ல் பாரகுடா என்ற நிறுவனத்தின் மெயில் பாதுகாப்புக் கருவியிலேயே ரிமோட் கோட் எக்ஸிக்யூஷன் ஓட்டை இருந்தது. 2022 அக்டோபரிலிருந்தே சுரண்டப்பட்டுவந்த அது மே மாதம்தான் வெளிப்பட்டது. பேட்ச் வந்தது, ஆனாலும் பாதிக்கப்பட்ட கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதியது மாற்றுங்கள் என்று அந்நிறுவனமே ஜூன் மாதம் சொல்லவேண்டியதாயிற்று. காவலுக்கு வைத்த கருவியையும் கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

லினக்ஸ் பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரம் கட்டற்ற மென்பொருளின் ஊர். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் இந்த ஊரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது, ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸிலேயே கணினி பழகுகிறார்கள். ஐ.சி.ஃபாஸ் என்ற அரசு மையம் இதற்கென்றே இருக்கிறது. ஒரு ரூபாய் லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் ஒரு முழு மெயில் சர்வரை உள்ளும் புறமும் பிரித்துப் பார்க்க இங்கே முடியும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற கட்டற்ற மெயில் சர்வரை எழுதிய வியட்சே வெனிமா, பழைய மெயில் சர்வரான செண்ட்மெயில் போல எல்லாவற்றையும் ஒரே பெரிய நிரலில் அடைக்காமல், சிறு சிறு நிரல்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு அதிகாரம் மட்டும் கொடுத்தார். அதன் கட்டமைப்பு விளக்கத்தை ஒருமுறை ஊன்றிப் படித்தால் பாதுகாப்பு என்ற பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

பிள்ளைக்கு இது ஒத்துவருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு பழைய லேப்டாப் போதும். டெபியன் லினக்ஸ் நிறுவி, அதில் இரண்டு மெய்நிகர்க் கணினிகளை எழுப்பி, இரண்டிலும் போஸ்ட்ஃபிக்ஸும், பெட்டியில் விழுந்த மெயிலைப் படிக்கத் தரும் டவ்காட்டும் போட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பின் 25-ஆம் போர்ட்டைத் தொடவே வேண்டாம், எல்லாம் பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். முதல் மெயில் போகாது. ஏன் போகவில்லை என்று லாக்கில் தேட வேண்டும். அந்தத் தேடலில் பிள்ளை சாப்பாட்டை மறந்தால் இந்தத் துறை அவனுக்கு, அவளுக்கு. அரை மணி நேரத்தில் எழுந்து போய்விட்டால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தணிக்கையோ நிரலாக்கமோ வேறு துறையோ காத்திருக்கிறது. மெயில் போக ஆரம்பித்த பிறகு அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பேக்கப் எடுத்து, சர்வரை வேண்டுமென்றே அழித்து, மறுபடி எழுப்பிப் பார்க்கலாம். இந்த ஒரு பயிற்சியைச் செய்து முடித்தவர் நேர்முகத் தேர்வில் சான்றிதழ் இல்லாமலே தனித்துத் தெரிவார்.

அதன்பிறகு ஹேக்கிங் கற்கட்டும். அப்போது ஆறு மாதக் கோர்ஸின் ஒவ்வொரு பாடமும் அர்த்தத்தோடு மண்டையில் ஏறும். ஏறத்தாழ 24 மணி நேரம் உட்கார்ந்து தேர்வுக் கணினிகளை உடைத்துக் காட்ட வேண்டிய ஓ.எஸ்.சி.பி. போன்ற செய்முறைத் தேர்வுகளுக்கும் அப்போதுதான் உட்கார முடியும். இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போகிறதே என்று பெற்றோர் தவிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முதலில் வேலை கிடைத்துவிட்டது என்பதைச் சாப்பாட்டு வேளையில் சொல்லிக்காட்டவும் கூடாது. லாக் வாசிக்கும் கண் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஒரே சர்வரைப் பல மாதம் பார்த்தால்தான் வரும்.

திருவனந்தபுரத்துக்கு இது தூரத்துச் செய்தியும் அல்ல. 2024 ஏப்ரல் இறுதியில் இந்த ஊரின் மண்டலப் புற்றுநோய் மையத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, நோயாளிகளின் கதிரியக்கச் சிகிச்சை தடைபட்டது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் நம்பி வரும் மருத்துவமனை அது. மெயிலோ, மருத்துவப் பதிவோ, சர்வரைத் தினமும் கவனிக்கும் ஆட்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எக்ஸ்சேஞ்ச் 2016, எக்ஸ்சேஞ்ச் 2019 இரண்டுக்குமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அவற்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் அலுவலகமும் புதிய பதிப்புக்கோ கிளவுடுக்கோ லினக்ஸுக்கோ மாறியாக வேண்டும். மாற்றித்தர ஆள் வேண்டும். இந்த ஆண்டு பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், பணம் கட்டும் முன் பயிற்சி நிலையத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் பிள்ளை இங்கே சொந்தமாக ஒரு சர்வரை நிறுவி, சில மாதம் நடத்தி, அது விழுந்தால் எழுப்பக் கற்றுக்கொள்வானா? இல்லை என்றால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.